முந்நூற்றேழில் யாரும் குடியில்லை

இஸ்திரியக்கா என்ற பட்டப்பெயர் அவளுக்கு வேலை பார்க்கிற இடத்தில் வந்தது. பெரிய ஹோட்டல் அது. அங்கே அவள் விரித்த படுக்கையைப் பார்த்தால் மெத்தையோடு சேர்த்து இஸ்திரி போட்டுவிட்டாளோ என்று தோன்றும். ஒரு நாளைக்குப் பதினாறு அறை, அறைக்கு இருபத்தைந்து நிமிடம். விரிப்பின் மூலையை மடித்துச் செருகுவதில் அவளை அடிக்க ஆளில்லை என்று சூப்பர்வைசரம்மாவே ஒருமுறை சொன்னாள். அந்த அம்மா வாயிலிருந்து பாராட்டு வருவது அத்தி பூத்தாற்போல.

அப்பேர்ப்பட்டவள் ஹோட்டலிலேயே குடியிருக்கவும் வேண்டியதாயிற்று. வேலை பார்க்கிற ஹோட்டல் என்று நினைத்துவிடாதீர்கள். இது ஊர்க்கோடியில் இருந்தது, லிஃப்ட் இருந்தும் ஓடாத மூன்று மாடி. அவள் குடும்பம் முன்பு வாடகைக்கு இருந்த கட்டடத்துச் சுவரில் கை நுழைகிற அளவுக்கு விரிசல் விட்டது. நகராட்சிக்காரர்கள் ஒரே மத்தியானத்தில் எல்லாரையும் வெளியேற்றிக் கதவுக்கு சீல் வைத்தார்கள். “மூணே வாரம்தான், அதுக்குள்ள வீடு குடுத்துடுவோம்” என்று சொல்லி இங்கே கொண்டுவந்து விட்டார்கள். ஐந்து மாதம் ஆகிறது, அந்த மூன்று வாரம் இன்னும் முடிந்தபாடில்லை.

முந்நூற்றேழாம் எண் அறை. இரண்டு கட்டில், ஒரு அலமாரி, திறந்தால் பக்கத்துக் கட்டடத்துச் சுவர் தெரிகிற ஒரு ஜன்னல். அவள், பெயிண்டர் வேலை பார்க்கிற கணவன், ஆறாவது படிக்கும் பெரியவள், முன்பல் விழுந்து பொக்கை வாயோடு திரியும் சின்னவன் ஆக நாலு பேர். சமைக்கக் கூடாது, ஆணி அடிக்கக் கூடாது, விருந்தாளிகள் வரக் கூடாது என்று கதவில் ஒரு பட்டியல் தொங்கியது.

“மூச்சு விடலாமான்னு இதுல எழுதலையே, கேட்டுட்டு வரட்டுமா?” என்றான் பெயிண்டர், வந்த அன்றைக்கே.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இது நம் வீடு இல்லை, பரப்பிக்கொண்டு கிடக்கிறார்கள் என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது. அதுதான் அவளுக்குச் சதா கவலை. காலை ஏழு மணிக்குள் விரிப்பில் ஒரு சுருக்கம் இருக்காது. தலையணைகள் வரிசையில் நிற்கும், துண்டுகள் மூன்றாக மடிந்திருக்கும். கழிப்பறைக் காகிதத்தின் நுனியைக்கூட, தன் ஹோட்டலில் செய்வதுபோல், முக்கோணமாக மடித்துவிட்டுத்தான் வெளியே வருவாள். துணிமணி, பல் பிரஷ், பாடப்புத்தகம் எல்லாம் இரண்டு பெட்டிக்குள் போகும், பெட்டிகள் கட்டிலுக்கு அடியில் போகும். சாயங்காலம் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுத வேண்டும். பகலில் கட்டிலில் உட்கார்ந்தால் போச்சு, அன்றைக்கு அர்ச்சனைதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கதவுக்கு அடியில் ஒரு கடிதம் கிடந்தது. வீடில்லாதவர்களுக்கு அறை ஒதுக்கும் அலுவலகத்திலிருந்து வந்திருந்தது. சொல்லாமல் வந்து பார்த்த இரண்டு சோதனைகளிலும் முந்நூற்றேழில் யாரும் குடியில்லை என்று தெரிகிறதாம். வியாழன் நான்கு மணிக்குக் கடைசிச் சோதனை. அப்போதும் உறுதியாகாவிட்டால் அறை ரத்து, வீட்டுக்கான பட்டியலிலிருந்தும் பெயர் நீக்கம்.

பட்டியலில் அவர்கள் நாலாவது இடத்துக்கு வந்திருந்தார்கள். அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மூன்று மாடியையும் மூன்று நொடியில் இறங்கி ரிசப்ஷன்காரன் முன்னால் கடிதத்தை ஆட்டினாள்.

“நாங்க குடியில்லையா? தினம் உன் முகத்துல முழிச்சிட்டுத்தானே வேலைக்குப் போறேன்?”

“அக்கா, என்னைத் திட்டாதீங்க. ரெண்டு தடவையும் சோதனைக்கு வந்தவருக்குக் கதவைத் திறந்துவிட்டதே நான்தான். அடுத்து வர்ற ஆளுக்குத் தயார் பண்ணி வெச்ச ரூம் மாதிரி இருந்துச்சு. எனக்கே சந்தேகம், நம்பர் மாத்தித் திறந்துட்டேனோன்னு. இருக்காங்க சார்னு சொன்னேன். எல்லா ஹோட்டல்லயும் இதைத்தான் சொல்றாங்கன்னுட்டாரு. ரூமை வாங்கிட்டு வெளியாளுக்கு விடறவங்க இருக்காங்களாம்.”

வினையை அவள் தன் கையாலேயே, அதுவும் அவ்வளவு சுத்தமாக, மடித்துச் செருகியிருந்தாள்.

வியாழக்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்தாள். அறையைக் கலைக்க வேண்டும். சொல்லத்தான் முடிந்தது, கை வரவில்லை. ஒரு தலையணையைச் சாய்த்து வைத்தாள், அது அழகாகச் சாய்ந்து நின்றது.

“நீ வெளிய நில்லு. இது எங்க டிபார்ட்மெண்ட்” என்றான் பெயிண்டர்.

பிள்ளைகளுக்குக் கேட்க வேண்டுமா? ஐந்து மாதம் கட்டிப்போட்ட கால்கள். சின்னவன் கட்டிலில் ஏறிக் குதித்தான். பெரியவள் புத்தகங்களை வாரி இறைத்தாள். பெயிண்டர் தன் பெயிண்ட் படிந்த சட்டையை விளக்கின் மேல் மாட்டினான். வராந்தாவில் நின்றவள் உள்ளே கேட்ட சிரிப்பைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இந்தச் சிரிப்பை இந்த அறையில் அவள் கேட்டதே இல்லை. அதற்குக் காரணம் தான்தான் என்பது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

நாலு மணிக்கு அதிகாரி வந்தார். தடித்த கண்ணாடி, கக்கத்தில் ஃபைல். விளக்கில் தொங்கிய சட்டையையும் அலமாரி மேல் கிடந்த காலுறையையும் ஒரு பார்வை பார்த்தார்.

“நான் வர்றேன்னு தெரிஞ்சதும் கலைச்சுப் போட்டீங்க. சரியா? இந்த நாடகத்தை நான் நிறையப் பாத்திருக்கேன்மா.” கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஃபைலைப் பிரித்தார்.

“சார், சத்தியமா நாங்க இங்கதான் இருக்கோம். எங்களுக்கு வேற போக்கிடம் இல்ல” என்றாள் அவள்.

“போன ரெண்டு தடவையும் ஒரு பிரஷ்கூட இல்லையேம்மா” என்றபடி பேனாவைத் தேட எழுந்தார்.

எழுந்ததுதான் தாமதம். அவர் உட்கார்ந்த இடத்தில் பள்ளம் விழுந்திருந்தது. அவள் கெஞ்சிக்கொண்டே குனிந்து அதை நீவிவிட்டாள். நீவிய கை நிற்கவில்லை. விரிப்பை உதறி இழுத்தது, மூலையை மடித்துச் செருகியது, தலையணையைத் தட்டி நிறுத்தியது. வாய் பாட்டுக்கு, “பிள்ளைங்க படிப்பு போயிடும் சார், பட்டியல்லேர்ந்து எடுத்துடாதீங்க சார்” என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு நிமிடத்தில் கட்டில் புத்தம் புதிதாக நின்றது.

பெயிண்டர் தலையில் கையை வைத்துக்கொண்டான். “கெடுத்தியே!”

அதிகாரி பேனாவும் கையுமாகக் கட்டிலையே பார்த்தார். “நீங்க என்ன வேலை பாக்கறீங்க?”

“ஹோட்டல்ல ரூம் சுத்தம் பண்றேன் சார்.”

அவர் குளியலறைக்குள் எட்டிப் பார்த்தார். மற்றதெல்லாம் அலங்கோலம், கழிப்பறைக் காகிதம் மட்டும் முக்கோண நுனியோடு இருந்தது. கலைக்கிறபோது அதை எல்லாரும் மறந்துவிட்டிருந்தார்கள். அவர் திரும்பி வந்தபோது உதட்டை இறுக்கிச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

“வேலை பாக்கற இடத்துல சரி. இங்க எதுக்கும்மா?”

“இது எங்க ரூம் இல்லையே சார்” என்றாள் அவள்.

பெரியவள் சட்டென்று கட்டிலடியிலிருந்து ஒரு பெட்டியை இழுத்தாள். “சார், நாங்க இதுக்குள்ளதான் இருக்கோம்.” மூடியைத் திறந்தாள். மூடியின் உட்புறத்தில் பள்ளிக்கூட டைம்டேபிள் ஒட்டியிருந்தது. அதன் பக்கத்தில் நாலு பேரும் நிற்கிற ஒரு போட்டோ, சின்னவன் வரைந்த வீடு. அந்த வீட்டுக்குக் கதவு மட்டும் மூன்று. சின்னப் பை ஒன்றில் விழுந்த பல் இரண்டு. சுவரில் மாட்ட வேண்டியதெல்லாம் அங்கே இருந்தது.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஃபைலில் எழுதி, எழுதியதை அவளுக்கே காட்டினார். ‘குடியிருக்கிறார்கள்.’ அடியில் இரண்டு கோடு. போகும்போது வாசலில் நின்று, “தயவுசெஞ்சு இனிமே கொஞ்சம் குப்பையா இருங்கம்மா. அடுத்த தடவை வேற ஆள் வரலாம்” என்றார்.

சாவி வர மேலும் இரண்டு மாதம் ஆயிற்று. இரண்டு அறையும் ஒரு சமையலறையும், ஆணி அடிக்கத் தாராளமாகச் சுவரும் கொண்ட வீடு. முதல் நாள் காலை எல்லாருக்கும் நேரமாகிவிட்டது. பெயிண்டரும் பிள்ளைகளும் ஓடிய பிறகு, அவள் கை வழக்கம்போல் விரிப்புக்குப் போனது. ஒரு மூலையைப் பிடித்தாள். பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு விட்டுவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

அன்றைக்கும் பதினாறு அறை. பதினாறு படுக்கையிலும் ஆள் படுத்த தடயமே இல்லாமல் துடைத்தாள். சாயங்காலம் பெரியவளோடு வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தாள். படுக்கை காலையில் போட்டது போட்டபடி இருந்தது. தலையணையில் பெயிண்டரின் தலைப் பள்ளம், உதைத்துத் தள்ளிய போர்வை, சின்னவனின் ஒற்றைக் காலுறை. யாரும் வந்து எதையும் மாற்றியிருக்கவில்லை.

தோள்பையைக்கூடக் கழற்றாமல் அந்தக் கசங்கலுக்குள்ளேயே அவள் சாய்ந்தாள்.

“அம்மா, படுக்கை கலையுதே!” என்றாள் பெரியவள் குறும்பாக.

“கலையட்டும்டி. இங்க ஆள் குடியிருக்கு.”