வால் முறுக்கிய வினைச்சொல்

கன்றுத்தலையைத் தட்டில் கொண்டுவந்து வைத்ததுமே கெர்மரெக் அதைத் தள்ளிவிட்டார். வெள்ளை வெளேரென்று வெந்த தோல், பக்கத்தில் நாக்கு, கொழகொழவென்று மூளை. பாரீசில் பெரிய மனிதர்கள் மதியத்தில் ஆசையாய்ச் சாப்பிடுவதுதான். முப்பது வருஷமாக அவரும் சாப்பிட்டவர்தான். இன்றைக்கு எதிரே மென்றுகொண்டிருந்த வாயைப் பார்க்க முடியவில்லை.

அந்த வாய் மொர்லோனுடையது. வெளியுறவு அமைச்சகத்தில் இயக்குநர். கெர்மரெக் கடல் தாண்டிச் செம்புச் சுரங்க நாடு ஒன்றில் தூதரகத்தைத் தற்காலிகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். போன வாரம் அங்கே வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்களைப் பட்டாளம் சுட்டது. கெர்மரெக் பிணவறைக்கே போய்ப் பார்த்தார். முப்பத்தேழு பேர். அதை அப்படியே அறிக்கையில் எழுதிப் பாரீசுக்கு எடுத்து வந்திருந்தார். நாளைக் காலை அது அமைச்சர் மேசைக்குப் போக வேண்டும்.

“ஒரே ஒரு வினைச்சொல்தான், கெர்மரெக். ‘சுட்டது’ன்னு எழுதியிருக்கீங்க. ‘சுட்டதாம்’னு மாத்திடுங்க. சுரங்கத்துல நம்ம ஆளுங்க பங்கும் இருக்கு பாருங்க.”

“நான் நேர்ல பார்த்தேன் ஐயா.”

“பிணத்தைப் பார்த்தீங்க. சுட்டதைப் பார்த்தீங்களா?”

“எல்லார் முதுகுலயும் ஓட்டை. பின்ன ஜலதோஷத்துலயா செத்தாங்க?”

கேள்விப்பட்டதைச் சொல்ல நாம் ‘ஆம்’ ஒட்டுகிற இடத்தில் பிரெஞ்சுக்காரர்கள் வினைச்சொல்லின் வாலையே முறுக்கிவிடுவார்கள். கெர்மரெக் அதைக் கற்றது பிரெஸ்ட் துறைமுகத்தில், ஒரு சின்னப் பத்திரிகையில். கேட்டதற்கு முறுக்கு, கண்ணால் கண்டதற்கு நேர். வேலைக்குச் சேர்ந்த வாரம், தன் கண்ணெதிரே கவிழ்ந்த மீன்படகைப் பயத்தில் ‘கவிழ்ந்ததாம்’ என்று எழுதிவிட்டார். அச்சுக் கோக்கும் சோவாசிக் ஒரு மாசம் கேலியை விடவில்லை. “வாங்க, ‘ஆம்’ ஐயா. காப்பி குடிப்பீங்களாம். சர்க்கரை போட்டுக்குவீங்களாம்.”

அப்போது வெட்கப்பட்டவர், தூதர் வேலைக்கு வந்தபின் வெட்கத்தை விட்டார். மூன்று நாடுகளில் மூன்று முறை, பார்த்ததற்கே வாலை முறுக்கினார். ஒவ்வொரு முறுக்குக்கும் ஒரு பதவி உயர்வு.

“லிஸ்பன் காலியாகுது. தூதராவே போகலாம். உங்க வீட்டம்மாவுக்கு வெயில் பிடிக்கும்னீங்களே,” என்றார் மொர்லோன். உதட்டோரம் மூளைத் துணுக்கு ஒட்டியிருந்தது. அதோடேயே சிரித்தார். பேனாவை நீட்டினார்.

கெர்மரெக் வாங்கினார். அறிக்கையை விரித்தார். ‘சுட்டது’ என்ற சொல்லின்மேல் பேனா முனை கொஞ்ச நேரம் நின்றது. லிஸ்பன் வெயிலும் வந்து நின்றது, பொய் சொல்வானேன். அப்புறம் அந்தச் சொல்லைத் தொடாமல் ஓரத்தில் எழுதினார்: ‘பிணங்களை நானே பார்த்தேன்.’

“என்னை லிஸ்பனுக்கு அனுப்புவீங்களாம். அது ‘ஆம்’லயே இருக்கட்டும் ஐயா.”

மொர்லோன் வாயைத் துடைத்துக்கொண்டார். “பத்திரிகைக்காரன் புத்தி உங்களை விட்டுப் போகல.”

“போயிருந்துச்சு. நடுவுல முப்பது வருஷம்.”

அறிக்கையை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். அமைச்சர் அலுவலகம் நடந்தே போகிற தூரம்தான். தன் கையாலேயே கொடுத்துவிடலாம்.

எழுந்தவரை, பரிமாறுகிறவர் தொடாத தட்டோடு மறித்தார். “பிடிக்கலைங்களா?”

“இத்தனை நாள் எப்படிப்பா பிடிச்சுது?” என்று கேட்டார் கெர்மரெக். பதிலுக்கு நிற்கவில்லை.