வேரில் மட்டும் ஆரஞ்சு

"நாளைக்கு வருவேல்ல?" என்று பள்ளிக்கூட வாசலில் கேட்டாள் பக்கத்து இருக்கைக்காரி. தலையை ஆட்டினேன். அதற்குப் பிறகு நான் பள்ளிக்கே போகவில்லை.

நான்கு வருடம் கழித்து, இன்று எங்கள் பார்லருக்குள் தலையைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு அவளே வந்து நின்றாள். மாஸ்க் போட்டிருந்த என்னை அவளுக்குத் தெரியவில்லை. நான் இங்கே தலை அலசிவிடுகிறவள்.

துப்பட்டாவை எடுத்ததும் கடைக்கார அக்கா சிரித்துவிட்டாள். வேரில் மட்டும் பளீர் ஆரஞ்சு. கீழே கன்னங்கரேல்.

"என்னடி, உச்சந்தலையில அடுப்பு மூட்டியிருக்க?"

"நேத்து நீங்க போட்ட கலர்தான்க்கா! நாளைக்கு இன்டர்வியூ. இப்படிப் போனா வாட்ச்மேனே சிரிப்பான்." நேற்று எனக்கு லீவு.

"முன்னாடி கறுப்பு டை அடிச்சியான்னு கேட்டேன்ல? இல்லவே இல்லன்னு சாதிச்ச. டை அடிச்ச முடி கலரைத் தொடல. புது முடி பூராத்தையும் குடிச்சிருச்சு."

அவள் குனிந்துகொண்டாள். "நரைன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சுக்கா."

எனக்குத் தெரியும். இடது காதுக்குப் பின்னால் கொத்தாக இருக்கும் அந்த வெள்ளை முடியை, வெளியே தெரியாமல் உள்ளே மடித்துப் பின்னிவிட்டது நான்தான். வகுப்பில் வேறு யாருக்கும் அது தெரியாது.

அக்கா வேருக்கு அடர்பழுப்பு பூசினாள். ஊறியதும், "ஏ ஊமச்சி, அலசி விடு" என்றாள் என்னிடம். அதிகம் பேசாததால் எனக்கு அந்தப் பெயர்.

வந்தவள் தொட்டியில் தலைவைத்து, கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். நான் தண்ணீரைத் திறந்தேன்.

"காதுல போகுதுக்கா, மெதுவா."

அக்காவாம். என் வயதுதான் அவளுக்கும். 'நான்தான்டி' என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால், அன்றைக்கு ஏன் வரவில்லை என்று கேட்பாள். கேட்கட்டும் என்றும் இருந்தது. அப்படிக் கேட்க எனக்கு வேறு யாரும் இல்லை.

காயவைத்தபோது ஆரஞ்சு போயிருந்தது. காதுக்குப் பின்னால் மட்டும் சாயம் பிடிக்காமல் வெள்ளை எட்டிப் பார்த்தது. என் விரல்கள் பழக்கத்தில் அதை எடுத்து, மேல்முடிக்கு அடியில் மடித்துச் செருகின.

அவள் தோள் அசையாமல் நின்றது. கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். மாஸ்க்கைக் கீழே இறக்கினேன்.

"எப்படிம்மா, திருப்தியா?" என்று உள்ளிருந்து அக்கா கேட்டாள்.

அவள் நான் செருகிய இடத்தைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் பையை எடுத்துக்கொண்டு, அன்றைக்கு ஏன் வரவில்லை என்று கேட்காமலே என்னைத் தாண்டி, கண்ணாடிக் கதவைத் தள்ளி வெளியே போனாள்.