கட்டம் கட்டமாக வந்த பாடம்

மனித குலத்தின் அறிவுப் பயணத்தில் முதல் புரட்சி எழுத்து, இரண்டாவது அச்சு, மூன்றாவது இன்று காலை பத்தரை மணிக்குச் சிதம்பரத்தில் நடக்கிறது என்றார் தொலைநிலைக் கல்வி நிறுவனத்தின் இயக்குநர் முனைவர் ராமாமிர்தம். இனி ஆசிரியப் பயிற்சிப் பாடங்கள் தபாலில் வராது, செல்போனில் இண்டர்நெட் வழியாக வரும் என்று அவர் அறிவித்தபோது கரண்ட் போனது. இரண்டாயிரத்துப் பத்தில் அது கரண்ட் போகும் நேரம்தான். மிச்சப் புரட்சியை மைக் இல்லாமல் முன்வரிசைக்கு மட்டும் நடத்தினார்.

லோகநாயகி பின்வரிசையில் இருந்தாள். குமராட்சிப் பக்கம் ஒரு நர்சரி பள்ளியில் பதினோரு வருஷமாக மூன்றாம் வகுப்பு டீச்சர். பயிற்சிச் சான்றிதழ் இல்லாதவர்களை ஜூனுக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது என்று தாளாளர் சொல்லிவிட்டார். செல்போன் தேர்வில் பாதி மதிப்பெண்ணாவது எடுத்தால்தான் பயிற்சியின் இறுதித் தேர்வுக்கு ஹால் டிக்கெட்.

பஸ் நிறுத்தத்தில்தான் சிக்னல் கிடைக்கும் என்பதால், புருஷன் தங்கராசு ஓட்டும் மினி பஸ்ஸின் முன்சீட்டில் உட்கார்ந்து பாடத்தை இறக்கினாள். கல்வி உளவியல், மூன்றாம் அலகு. தமிழ் இருக்கவேண்டிய இடமெல்லாம் கட்டம். வரிவரியாக, பக்கம் பக்கமாக வெறும் கட்டம். உதவி எண்ணுக்குப் போன் செய்தாள்.

“கட்டம் வருதா மேடம்? அப்பப் பாடம் வந்துருச்சு. எங்க சைடு எல்லாம் ஓகே.”

“எழுத்து வரல சார்.”

“எழுத்து உங்க செட்டு சைடு மேடம்.”

தேர்வும் கட்டமாகவே வந்தது. நாற்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஏ, பி, சி, டி.

தங்கராசு எட்டிப் பார்த்தான். “என்னா டீச்சரம்மா, செங்கல் அடுக்குன மாதிரி இருக்கு?”

“சும்மா இருங்க. அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும். ஒரு எழுத்து தெரியல.”

“எதுல கட்டம் ஜாஸ்தியோ அதப் போடு. சரியான பதிலத்தான் மெனக்கெட்டு நீட்டி எழுதுவான். தப்ப நீட்டி எழுத அவனுக்கென்னா வேண்டுதலா?”

பதினோரு வருஷமாகக் கேள்வித்தாள் தயாரிப்பவள் அவள். தானும் அப்படித்தான் எழுதுகிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. எண்ணினார்கள்.

“பி-ல பதினாலு. சி-ல இருவத்தொம்போது. சி-யப் போடு.”

“என்னாப்பா எண்ணிக்கிட்டே கெடக்கிற, வண்டி எப்பப் போவும்?” என்றாள் பின்சீட்டிலிருந்த சின்னம்மாள்.

“பரிச்ச எழுதுறோம் அத்த. செத்த பொறு.”

நாற்பதுக்கு முப்பத்தேழு. மாவட்டத்தில் முதலிடம். லோகநாயகிக்கு அன்று சோறு இறங்கவில்லை. பத்துப் பதினைந்து கேள்வி தப்பாகியிருக்கக் கூடாதா என்றிருந்தது.

பயந்தபடியே அழைப்பு வந்தது. மஞ்சக்குப்பத்தில் விழா, சென்னையிலிருந்து அதிகாரி வந்திருந்தார். சான்றிதழ் கொடுத்துவிட்டு, “ஒரு பத்தி வாசிச்சுக் காட்டுங்கம்மா, எப்படி வருதுன்னு பாப்போம்” என்றார்.

செல்போனைத் திறந்தாள். கட்டம். உண்மையைச் சொன்னால் முப்பத்தேழு போகும், ஹால் டிக்கெட் போகும், ஜூனில் வேலையும் போகும். கீழே இருநூறு பேர் அவரவர் செல்போனைப் பிடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூட தம் திரையைப் பார்க்கவில்லை. வாய் தானாகத் திறந்தது. முந்தின நாள் மூன்றாம் வகுப்புக்கு நடத்திய பாடம் வந்தது.

“கடல்நீர் வெயிலில் சூடாகி ஆவியாகிறது. ஆவி மேலே சென்று மேகமாகிறது. மேகம் குளிர்ந்து மழையாகப் பெய்கிறது.”

அதிகாரி ராமாமிர்தத்தின் பக்கம் திரும்பினார்.

“உளவியல்ல மழை எதுக்கு சார்?”

ராமாமிர்தம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“உருவகம் சார். ஆவிங்கறது ஆர்வம். மேகம்ங்கறது கவனம். மழைங்கறது கற்றல்.”

“பிரமாதம். யார் எழுதினது?”

“அடியேன்தான்.”

கைதட்டல் எழுந்தது. லோகநாயகியும் செல்போனை அக்குளில் இடுக்கிக்கொண்டு தட்டினாள். ஞாயிற்றுக்கிழமை இருநூறு பேருக்கும் மூன்றாம் அலகை லோகநாயகியே நடத்துவார் என்று மைக்கில் அறிவித்தார்கள். அவள் தலையை ஆட்டினாள்.

கல்வி உளவியல் மூன்றாம் அலகை எழுதியது உண்மையிலேயே ராமாமிர்தம்தான். அதில் ஒரு வரியிலும் மழை இல்லை.