பேரியம் படமும் அரைஞாண் கயிறும்

"இடுப்புல கீறத எல்லாம் கழட்டிட்டுப் படு, சிங்காரம்" என்றார், வேலூர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் பஞ்சாட்சரம். வேட்டியைக் கழற்றினேன். வெட்கத்தையும் கழற்றினேன். அரைஞாண் கயிற்றை மட்டும் விட்டுவிட்டேன். எங்கள் ஜவ்வாது மலையில் அதை அறுப்பது பிணத்துக்குத்தான். அதில் கோத்திருந்த வெள்ளித் தாயத்தை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு, ஆஸ்பத்திரி அங்கிக்குள் சாதுவாகப் படுத்துக்கொண்டேன்.

பின்பக்கம் குழாய் வைத்து வெள்ளைக் கரைசலை ஏற்றினார்கள். பேரியமாம், குடல் படத்தில் தெரியுமாம். வாரத்துக்கு ஒருமுறை, அதுவும் கெஞ்சினால்தான் வெளிக்குப் போகிறவன் நான். வெளியே வரவேண்டிய வழியில் உள்ளே அனுப்புகிறார்களே என்று சிரிப்பு வந்தது. அதுதான் கடைசிச் சிரிப்பு.

கழுவிய படத்தை வெளிச்சத்தில் பார்த்த பஞ்சாட்சரம் இன்னொருவரைக் கூப்பிட்டார். ஒரே இடத்தில் விரல் வைத்து இருவரும் இங்கிலீஷில் பேசினார்கள்.

"இன்னாங்க அது?"

"டாக்டரம்மா சொல்வாங்க. வெளிய போய் குந்து."

என் அண்ணன் கோபால்சாமிக்கும் மலச்சிக்கலில்தான் ஆரம்பித்தது. குடலில் புற்று. ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல என்று சொல்லிச் சொல்லியே கடைசியில் பிணமாக டோலி கட்டி மலையேற்றினோம்.

வெளியே பெஞ்சில் காத்திருந்த ரஞ்சிதத்தின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"உள்ள இன்னாமோ கீது, ரஞ்சிதம். வெரல் வெச்சுக் காட்டிக்கினாங்க."

"ஒண்ணும் இருக்காது" என்றாள் என் மனைவி.

"அண்ணங்கிட்டயும் அதத்தான சொன்னோம்?"

என் முதுகைத் தடவியவளின் கை ஓரிடத்தில் நின்றது.

"அய்ய! தாயத்தக் கழட்டலியா நீ?"

அவள் குரல் கேட்டு வந்த பஞ்சாட்சரம், "படத்துல தெரிஞ்சது இதானா!" என்று தலையில் அடித்துக்கொண்டார். நான் கயிற்றை இறுகப் பிடித்தேன்.

"அறுக்கல, அவுக்கத்தான் போறேன். உசுரோடதான் கீற, கைய எடு" என்றாள்.

மறுநாள் பட்டினி, எனிமா, குழாய் எல்லாம் முதலிலிருந்து. புதுப்படத்தில் தாயத்து இல்லை. ஆனாலும் டாக்டரம்மா அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பயப்படாத" என்றார், படத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எங்க அண்ணனுக்கும் அப்பிடித்தாம்மா சொன்னாங்க. சாவப் போறேன்னா சொல்லிடுங்க. சாமை அறுப்புக்கு ஆள் சொல்லணும். இவள யார் வூட்ல வுடறதுன்னு பாக்கணும்."

ரஞ்சிதம் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். டாக்டரம்மா படத்தைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"புற்று இல்ல, சிங்காரம். உன் குடல் ரொம்ப நீளம், தளர்ந்து கிடக்கு. அதான் மலம் மெதுவா நகருது. இந்தத் தொல்லை முழுசாப் போகாது. மருந்தும் தண்ணியும் விடக்கூடாது. ஆனா இதனால நீ சாக மாட்ட."