நாலாவது பூச்சு

எங்கள் புது வீட்டின் குளியலறைச் சுவரை மேஸ்திரி முதலில் கண்ணாடி மாதிரி பூசினார். பிளம்பர் வந்து குழாய்க்காக உடைத்தார். மேஸ்திரி மறுபடி பூசினார். எலக்ட்ரீஷியன் வந்து வயருக்காக உடைத்தார்.

மேஸ்திரி மூன்றாவது முறை பூசிக்கொண்டிருந்தார். வாடகை வீட்டைக் காலி செய்யப் பன்னிரண்டு நாள்தான் பாக்கி. அம்மா பாதிப் பாத்திரங்களைக் கட்டிவிட்டு மீதியில் சமைத்தாள்.

வேலை ஏன் இழுக்கிறது என்று நான் கடிகாரத்தோடு உட்கார்ந்து குறித்தேன். எட்டு மணி நேரத்தில் பூச்சுக் கரண்டி சுவரைத் தொட்டது இரண்டு மணி நேரம் பத்து நிமிடம்தான். மற்ற நேரமெல்லாம் மணல் வர வேண்டும், தண்ணீர் வர வேண்டும்.

“என்ன பாப்பா எழுதுற? எனக்கு மார்க்கா?” என்றார் மேஸ்திரி.

“இல்லைங்க...”

“எழுதிக்கோ. அந்த பிளம்பரைப் பாத்தா நானும் ரெண்டு கேள்வி கேக்கணும்.”

“நீங்க அவரைப் பாத்ததே இல்லையா?”

“அவன் போட்ட ஓட்டையைத்தான் பாத்திருக்கேன்.”

ஒருவர் போன பிறகே அடுத்தவரைக் கூப்பிடுவது அப்பாவின் வழக்கம். “சேந்து வந்தா சண்டை போட்டுக்குவாங்கம்மா” என்பார்.

அன்று மாலை பிளம்பரிடமிருந்து செய்தி வந்தது. சுடுதண்ணீர்க் குழாயை மறந்துவிட்டாராம். சுவரை உடைக்க வேண்டுமாம். அப்படியானால் ஹீட்டருக்கு வயரும் வேண்டும்.

போனில் பேசுவதென்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். மூவருக்கும் ஒரே செய்தி அனுப்பினேன்: நாளை காலை எட்டு மணிக்கு வரவும்.

வந்தார்கள். சண்டையும் வந்தது.

“என் சுவத்தை வெட்டினது நீதானா?”

“என்னைக் கேக்காம நீங்க ஏன்ணே பூசுனீங்க?” என்றார் பிளம்பர்.

“நல்லாருக்கு. ரெண்டு பேரும் என் வயருக்கு எங்க இடம் விட்டீங்க?” என்றார் எலக்ட்ரீஷியன்.

நான் சாக்பீஸை நீட்டினேன்.

“குழாயும் வயரும் போற எடத்துல மொதல்ல கோடு போட்டுடுங்க. அப்புறம் திட்டிக்கங்க.”

மூவரும் என்னைப் பார்த்தார்கள். பிளம்பர்தான் வாங்கினார். பத்து நிமிடத்தில் சுவர் முழுக்கக் கோடு. மாலைக்குள் குழாயும் வயரும் உள்ளே போயின. மறுநாள் நாலாவது பூச்சு.

கெடுவுக்கு இரண்டு நாள் முன்பே பெட்டிகள் வந்து இறங்கின. மூவரும் தங்கள் சாமான்களை எடுக்க வந்திருந்தார்கள். அப்பா முகம் பார்க்கும் கண்ணாடி மாட்ட, ஆணியும் சுத்தியலுமாகக் குளியலறைக்குள் நுழைந்தார்.

“ஐயா, நில்லுங்க!” மூன்று பேரும் ஒன்றாகக் கத்தினார்கள்.

“ஒரே ஒரு ஆணிதானேப்பா?”

மேஸ்திரி சுவருக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

“அங்க நம்ம குழாய் போகுதுங்க.”