தடித்த வால் கட்சி

பாஸ் மீன் பிடிக்கிறவர்களிடம் மீனைப் பற்றிக் கேட்டால் ஒரு நிமிடம் பேசுவார்கள். ஜிக்கின் பின்னால் கோக்கிற ரப்பர் வாலைப் பற்றிக் கேட்டுவிட்டீர்களோ, அன்றைக்கு உங்களுக்குச் சாப்பாடு கிடையாது. புலம்பெயர்ந்து வந்து நார்த்மீட்டில் இருக்கிற செந்தூரன் அந்தச் சாதிதான். அவன் மனைவி வைதேகி அவனைவிட மோசம்.

ஜிக் என்றால் வேறொன்றுமில்லை, ஈயத் தலையும் குஞ்சமும் வைத்த தூண்டில் முள். அதில் விரல் நீளத்தில் ஒரு ரப்பர் மீனைக் கோத்து இழுத்தால், அதன் வால் ஆடுகிற ஆட்டத்தில் பாஸ் ஏமாந்து கவ்வும். தடித்த வால்தான் வேண்டும், அது தண்ணீரை அடிக்கிற அடி தூரத்து மீனுக்கும் கேட்கும் என்பது செந்தூரனின் கட்சி. நேப்பியன் ஆற்றுத் தெளிந்த தண்ணீருக்கு மெல்லிசாய், நுனி பிளந்த வால்தான் சரி என்பது வைதேகியின் கட்சி. ஆனால் மெல்லிய வாலை முள்ளில் நடுவாகக் கோக்க வேண்டும். மயிரிழை விலகினாலும் ஜிக் சரிந்து சுழலும். வைதேகி பல் டொக்டர். ஆடுகிற படகில் கதைத்துக்கொண்டே கோத்துவிடுவாள். செந்தூரன் கோத்ததைத் தூக்கிப் பார்த்து, "இஞ்சை பாருங்கோ, உங்கடை மீனுக்கு இடுப்புச் சுளுக்கிப் போச்சு" என்று சிரிப்பாள்.

அப்படிப்பட்டவள் தீபாவளிக்குப் பிறகு திடீரென்று தடித்த வாலுக்கு மாறினாள். தை பிறந்ததும் அதையும் கோத்துத் தரச்சொல்லி அவனிடமே நீட்டினாள். செந்தூரனுக்குத் தலைகால் புரியவில்லை. இருபத்தாறு வருஷத்தில் அவள் அவனிடம் தோற்றது இதுதான் முதல் தடவை. கிரான்பர்னில் இருக்கிற நண்பன் விக்னராஜாவுக்குப் போன் அடித்து, "கடைசியில மனிசிக்குப் புத்தி வந்திட்டுதடாப்பா" என்று பீற்றிக்கொண்டான்.

சித்திரையில் ஒரு ஞாயிறு காலை. பென்ரித் ஊருக்கு மேலே ஆற்றில், பாசிக்கரை ஓரமாக அவர்களின் சின்ன அலுமினியப் படகு நின்றது. தண்ணீரின் அடியில் கிடந்த கூழாங்கல்லெல்லாம் தெரிந்தது. தடித்த வாலைக் கண்டு இரண்டு மீன் கிட்ட வந்து, திரும்பிப் போய்விட்டன.

செந்தூரன் பெருந்தன்மையோடு ஒரு மெல்லிய வெள்ளை வாலை எடுத்து நீட்டினான். "இண்டைக்கு உம்மடை கட்சிதான் சரி. பிடியும், நீரே கோத்துக்கொள்ளும்."

"வேண்டாம். தடிச்சதையே தாங்கோ."

"தண்ணியைப் பாருமப்பா, பளிங்கு மாதிரிக் கிடக்கு. உதுக்குத் தடிச்சதே போடுறது?"

"சொன்னாக் கேளுங்கோவன்!"

அவன் விடவில்லை. சீண்டிச் சீண்டிக் கையில் திணித்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாங்கினாள். முதல் வால் கோணலாய் ஏறியது. இரண்டாவது கிழிந்தது. செந்தூரன் விழுந்து விழுந்து சிரித்தான். "இப்ப ஆரின்ரை மீனுக்கு இடுப்புச் சுளுக்கு?"

வைதேகி சிரிக்கவில்லை. மூன்றாவதை எடுத்து, உதட்டைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள். அப்போதுதான் அவன் பார்த்தான், வெள்ளை ரப்பர் சிவந்துகொண்டிருந்தது. முள் அவளுடைய ஆட்காட்டி விரலுக்குள் வளைவு வரைக்கும் இறங்கி நின்றது. அவளோ அது தெரியாமல் இன்னும் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"ஐயோ வைதேகி, கை!"

"என்ன கை?"

"முள்ளு உம்மடை விரலுக்குள்ள நிக்குது!"

அவள் குனிந்து பார்த்தாள். ஒரு முனகல்கூட வரவில்லை. முகத்தில் நோவு இல்லை, பயம்தான் இருந்தது.

செந்தூரன் மறுபக்கம் எட்டிப் பார்த்த முள்ளின் நுனியைக் குறட்டால் வெட்டி, மிச்சத்தை வெளியே எடுத்தான். அவள் கை அசையக்கூட இல்லை. "எப்ப தொடக்கம்?" என்று கேட்டான்.

"தீபாவளிக்குப் பிறகு. மூண்டு விரல் மரத்துப் போச்சு."

"டொக்டரிட்டைப் போகேல்லையே?"

"போனால் மேலிடத்துக்கு எழுதிப் போடுவார். பிறகு ஆர் என்னை வேலை செய்ய விடுவினம்? இஞ்சை பல் டொக்டராக நாலு தரம் சோதினை எழுதினனான். நீங்கள் இரவிரவா ஃபோர்க்லிஃப்ட் ஓடிப் படிப்பிச்சனீங்கள். இதை விட்டால் எனக்கு என்ன தெரியும், சொல்லுங்கோ!"

செந்தூரனுக்கு உடம்பெல்லாம் வெட்கம் பற்றி எரிந்தது. மரத்த விரலுக்குத் தடித்த ரப்பர்தான் பிடிபடும். அவ்வளவுதான் விஷயம். ஆறு மாதமாகப் பக்கத்தில் இருந்து பார்த்தவன், தான் வென்றேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருக்கிறான், மடையன்.

"இன்னும் ஒண்டு இருக்கு" என்றாள் வைதேகி. "வியாழக்கிழமை ஒரு பெடியனுக்கு உதட்டில வெட்டுப் பட்டிட்டுது. விறைக்க ஊசி போட்டதால அவனுக்கும் தெரியேல்லை, எனக்கும் தெரியேல்லை. ரத்தத்தைக் கண்டுதான் ரெண்டு பேருக்கும் தெரிஞ்சது."

செந்தூரன் தூண்டில்களைச் சுருட்டி வைத்தான்.

"நாளைக்கு எத்தினை பேர்?"

"ஒன்பது. ஒராளுக்கு ஞானப்பல்லு." அவள் அவன் முழங்காலைப் பிடித்தாள். "இந்தக் கிழமை மட்டும் விடுங்கோ. பிறகு நானே சொல்லுறன்."

சரி என்று சொல்ல வாய் உன்னியது. பொய் சொல்லக்கூடாது, நன்றாகவே உன்னியது. அவள் புத்தகத்தோடு குசினிக் கதிரையில் தூங்கிப்போன எத்தனை விடியல்களை அவன் பார்த்தவன். பிறகு, தன் விரலில் முள் ஏறியதே தெரியாதவள் நாளைக்கு இன்னொருவர் வாய்க்குள் கத்தி வைக்கப்போகிறாள் என்று நினைத்தான்.

"ராகவிக்கு இப்பவே போன் அடியும்."

ராகவிதான் கிளினிக்கின் சொந்தக்காரி, இங்கேயே வளர்ந்த இளம் டொக்டர். வைதேகியின் விரலில் துணி சுற்றியிருந்ததால் செந்தூரனே எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டான்.

"ஹாய் அன்ரி! மீன் கிடைச்சுதா?"

வைதேகி எல்லாவற்றையும் சொன்னாள். விரலை, வியாழக்கிழமையை, ஒன்றையும் மறைக்கவில்லை.

"ஹவ் லாங், அன்ரி?"

"தீபாவளிக்குப் பிறகு."

"போன மாசம் அம்மாக்குப் பல்லு எடுத்தது நீங்கள்தானே?"

"ஓம், பிள்ளை."

"அவ என்னட்டைக்கூட வரமாட்டன் எண்டவ. உங்கடை கைதான் வேணும் எண்டவ." ராகவியின் குரல் உடைந்து, பிறகு இறுகியது. "நாளைக்கு வராதேங்கோ. பேஷண்ட்ஸ் எல்லாருக்கும் நான் போன் அடிக்கோணும்."

"நாளைக்கு வாற ஒன்பது பேருக்குமோ, பிள்ளை?" என்றான் செந்தூரன்.

"இல்லை அங்கிள். தீபாவளிக்குப் பிறகு வந்த எல்லாருக்கும்."

செந்தூரன் மனைவியைப் பார்த்தான். அழுவாள் என்று நினைத்தான். அவள் போனை அவன் கையிலிருந்து வாங்கி, வாய்க்குக் கிட்டப் பிடித்தாள்.

"அம்மாக்கு மட்டும் நீ போன் அடிக்காதை, ராகவி. அவவுக்கு நானே நேர வந்து சொல்லுறன்."