இன்ஜின் நிற்கிற இடம்

ராமதாஸின் இன்ஜின் கரையில் ஒருநாளும் நின்றதில்லை. எரிச்சலே அதுதான். நாலு பேர் பார்க்க மணலில் வைத்து ஹேண்டில் போட்டுச் சுற்றினால், பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் காபித் தட்டு ஏந்தி நிற்கிற மாதிரி அத்தனை அடக்க ஒடுக்கமாக ஓடும். கடலுக்குள் இறங்கி, கரையிலிருக்கிற ஆட்கள் புள்ளியாகிற தூரம் வந்ததும்தான் அதன் குணம் தெரியும். முதலில் சத்தம் இளைக்கும். பிறகு இருமும். அப்புறம் ஒரேயடியாக அடங்கிவிடும். போட்டில் இருக்கிற இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

போட்டும் இன்ஜினும் சுனாமிக்குப் பிறகு ஏதோ ஒரு தர்ம ஸ்தாபனம் கொடுத்தவை. மகாபலிபுரத்துக்குத் தெற்கே இருக்கிற அந்தக் குப்பத்தில் பாதிப் பேருக்கு அதே நீல நிறப் போட்டு, அதே டீசல் இன்ஜின். மற்றவர்களுடையதெல்லாம் ஒழுங்காக ஓட, இவனுடையது மட்டும் மக்கர் பண்ணியது. கொஞ்ச நேரம் சும்மா விட்டால் தானாகவே மனசு மாறி மறுபடி கிளம்பும். அதற்குள் மற்ற போட்டுக்காரர்கள் வலை விரித்து முடித்திருப்பார்கள்.

கூடத் தொழிலுக்கு வருகிறவன் ஜானகிராமன், பொண்டாட்டியின் தம்பி. டீசலில் தண்ணீர் கலந்திருக்கும் என்றான் அவன். துணி கட்டி வடித்து ஊற்றினார்கள், நின்றது. ஃபில்டரை மாற்றினார்கள், நின்றது. பைப்பில் காற்று அடைத்திருக்கும் என்று நட்டைத் தளர்த்தி, டீசல் கொப்பளித்து வருகிற வரைக்கும் விட்டு இறுக்கினார்கள். அன்றைக்கும் நின்றது. கடைசியில் இன்ஜினை ஷேர் ஆட்டோவில் ஏற்றிக் கேளம்பாக்கத்துக்குக் கொண்டுபோனார்கள்.

அங்கே பாலசுப்ரமணியன் என்று ஒரு மெக்கானிக். குப்பத்து ஆட்கள் வாங்குகிற டீசல்மேல் அவருக்கு நம்பிக்கை கிடையாது. எந்த இன்ஜின் வந்தாலும் அதன் டேங்கைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கடைக் கூரையில் தொங்குகிற தன்னுடைய கேனிலிருந்து டியூப் போட்டுத்தான் ஓட்டிப் பார்ப்பார். ஓட்டிப் பார்த்தார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தார். அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது.

"இன்ஜின் நல்லா கீதுபா. இதுக்கு நான் இன்னா வைத்தியம் பண்றது? உனுக்குத்தான் மனசு சரியில்ல போல," என்றார்.

ராமதாஸுக்கு மனசு சரியில்லை என்பது உண்மைதான். சுனாமியில் போனது அவனுடைய ஒரே மகள் சங்கரி. பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்த குழந்தை. தண்ணீர் வந்தபோது அவன் வலை வாங்கச் சென்னைக்குப் போயிருந்தான். வேண்டா என்று பெயர் கொண்ட அவன் மனைவிதான் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். பிடி எந்த இடத்தில் நழுவியது என்று அவளுக்கே தெரியாது. குழந்தையைக் கடலில் கண்டெடுத்துத் தூக்கிக்கொண்டு வந்தது பக்கத்துக் குப்பத்து சாலமோன். வந்தவன், ராமதாஸ் கேட்காமலே இடத்தையும் சொன்னான். கடல்காரர்களுக்கு இடம் என்றால் கரையில் இருக்கிற குறிகள்தான். லைட்ஹவுஸ் கடற்கரைக் கோயிலின் தலைக்கு நேராக வர வேண்டும். தெற்கே கல்பாக்கத்து அணுமின் நிலையத்தின் இரண்டு உருண்டைக் கட்டடமும் ஒன்றோடொன்று ஒட்ட வேண்டும். அந்த இடம்.

இன்ஜின் நின்ற ஒரு காலையில், சும்மா இருக்க முடியாமல் ராமதாஸ் பழக்க தோஷத்தில் கரையைக் குறி பார்த்தான். லைட்ஹவுஸ் கோயிலின் தலைமேல் நின்றது. தெற்கே உருண்டைகள் இரண்டும் ஒட்டியிருந்தன. சாலமோன் சொன்ன அதே இடம். மறுநாளும் பார்த்தான். அதற்கு மறுநாளும் பார்த்தான். கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் இடம் அதேதான்.

இதை வேண்டாவிடம் சொல்லியிருக்கக் கூடாது என்று பின்னால் நினைத்தான். ஆனால் அவள் அப்போது இருந்த இருப்புக்கு எதைச் சொன்னாலும் பரவாயில்லை என்று இருந்தது. குழந்தை போனதிலிருந்து அவள் பேசுவதில்லை. தட்டை முன்னால் வைத்து, பிசைந்து, கையில் கொடுத்தால் சாப்பிடுவாள், இல்லாவிட்டால் கிடையாது. சொன்ன வேலையைச் செய்வாள். சொல்லாமல் அவளாகச் செய்த ஒரே காரியம் வெள்ளிக்கிழமைப் பொட்டு. இன்ஜினைத் திருட்டுக்குப் பயந்து தினமும் கழியில் கட்டி வீட்டுக்குத் தூக்கிவந்துவிடுவார்கள். முதல்முதலாக வந்த அன்று யாரோ சொன்னதற்காக அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்தவள், அதன் பிறகு ஒரு வெள்ளியும் தவறவிடவில்லை. துடைத்து, மஞ்சள் குழைத்து, சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, கும்பிடாமல் எழுந்து போய்விடுவாள்.

அவன் சொல்லி முடித்ததும் அவள் வாயைத் திறந்தாள்.

"அது நின்னப்போ நீ இன்னா பண்ண?"

"இன்னா பண்றது? உக்காந்துகினு இருந்தேன்."

"எதுனா பேசக் கூடாதாயா? புள்ள உன்னியப் பாக்கத்தான நிறுத்துது."

மறுநாள் அவன் திரும்பிவந்தபோது அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. வேண்டா குழம்பு வைத்திருந்தாள். அவனுக்குப் போட்டுவிட்டுத் தனக்கும் போட்டுக்கொண்டாள். சாப்பிடும்போது கேட்டாள், "இன்னிக்கு நிறுத்துனாளா?" நிறுத்தினாள் என்றான். என்ன பேசினாய் என்றாள். அதையும் சொன்னான்.

அதற்குப் பிறகு ராமதாஸ் ரிப்பேர் பார்ப்பதை விட்டுவிட்டான். இன்ஜின் இருமுகிறபோதே வலையை ஒதுக்கி வைப்பான். அடங்கியதும் ஓரமாக நகர்ந்து உட்கார்ந்து, தண்ணீரைப் பார்த்து மெல்லிய குரலில் பேசுவான். உங்கம்மா நேற்று நன்றாகச் சாப்பிட்டாள் என்பான். பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கட்டடம் போடுகிறார்கள் என்பான். அவனுக்கும் அது வேண்டியிருந்தது. உலகத்திலேயே அந்த ஒரு இடத்தில்தான் அவனால் மூச்சுவிட முடிந்தது. ஜானகிராமன் முதலில் தலையைக் குனிந்துகொண்டிருந்தான், அப்புறம் பீடி பிடித்தான், அப்புறம் பொறுமை இழந்தான். குற்றம் சொல்ல முடியாது, அவன் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும்.

ஒரு நாள் அப்படி நின்றிருந்தபோது, டீசலாவது இருக்கிறதா என்று ஜானகிராமன் கோபமாக டேங்க் மூடியைத் திருகினான். ஸ்ஸ்ஸென்று காற்று உள்ளே இழுக்கிற சத்தம் கேட்டது. மூடியைக் கழற்றிக் கீழே வைத்தான். பிறகு ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினான். முதல் சுற்றிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது.

அவன் மூடியைத் தூக்கி வானத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தான். வலை ஊசியால் நடுவில் குத்தினான். மஞ்சளும் சந்தனமும் டீசலில் ஊறி இறுகிய ஒரு கட்டி உதிர்ந்து விழுந்தது.

"மாமா, இத்தப் பாரேன். காத்து போற ஓட்ட. அக்கா பொட்டு வெச்சி வெச்சி அடச்சிகினு கீது. டீசலு எறங்க எறங்க உள்ள காத்து போவணும்ல? போவலன்னா டீசலு எப்டி எறங்கும்? அதான் மூச்சு முட்டி நிக்குது. சும்மா வுட்டா சந்துல பொந்துல கொஞ்சம் காத்து பூந்துடும், மறுபடி ஓடும். தெனம் ஒரே தூரத்துல நிக்குதேன்னு பாத்தா..." என்று சிரித்தான். பல மாதத்துப் பேஜாரு தீர்ந்த சிரிப்பு அது.

ராமதாஸுக்கு அவனைக் கடலில் பிடித்துத் தள்ள வேண்டும் போலிருந்தது. தினமும் அதே அளவு டீசல், அதே திசை. தூரம் ஒன்று, அதனால் இடம் ஒன்று. அவ்வளவுதான் விஷயம். இத்தனை நாளும் அவன் பேசியது தண்ணீரிடம். குழந்தை இரண்டாம் தடவையும் செத்துப்போன மாதிரி அவனுக்கு இருந்தது, இந்தத் தடவை அவன் கண் முன்னாலேயே. அன்றைக்கு இன்ஜின் வெளிக்கடல் வரைக்கும் நிற்காமல் போயிற்று. மீன் நிறைய விழுந்தது. கரைக்குத் திரும்பும்போது ராமதாஸ் மச்சானின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அவகிட்ட சொல்லாதடா. அவ வெச்ச பொட்டாலதான்னு தெரிஞ்சா அவ தாங்க மாட்டா. புள்ள இல்லன்னு ஆயிட்டா சோத்தத் தொட மாட்டாடா."

ஜானகிராமன், சொல்ல மாட்டேன் என்று தலையாட்டினான்.

வெள்ளிக்கிழமைகளில் வேண்டா பொட்டு வைப்பாள். சனிக்கிழமை விடிந்ததும் கரையில் வைத்து ராமதாஸ் ஊசியால் ஓட்டையைக் குத்திவிடுவான். சாயங்காலங்களில் பொய் சொன்னான். நிறுத்தினாள் என்றான். சிரித்த மாதிரி இருந்தது என்றான். பொய் சொல்லப் பழகாத ஆள், சொன்னதையே திருப்பிச் சொன்னான். வேண்டாவும் முட்டாள் இல்லை. கூடையில் வெளிக்கடல் மீன் வந்து விழுவதைப் பார்த்தாள். இன்ஜின் நின்று போகிற போட்டுக்கு வெளிக்கடல் மீன் ஏது என்று அவள் கேட்கவில்லை. ஒரு நாள் வேறொன்று கேட்டாள்.

"என்னிய ஒருவாட்டி இட்டுகினு போயா."

"பொம்பள போட்டுல ஏறக் கூடாதுமே. ஊருல கட்டி வெச்சி அடிப்பானுங்க."

"ஒருவாட்டிதான்."

அவன் முடியாது என்றான். அன்று ராத்திரி அவள் தட்டை நகர்த்தி வைத்தாள். மறுநாளும் நகர்த்தி வைத்தாள். பழைய நாள் திரும்பி வந்து வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டது. ராமதாஸுக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

ஊர்த்தலைவர் மகள் கல்யாணத்துக்குக் குப்பமே வேன் பிடித்துக் கேளம்பாக்கம் போன அன்றைக்கு அழைத்துப்போனான். ஓட்டையை மறுபடி அடைத்துவிடலாமா என்றுகூட யோசித்தான். அடைத்தால் முன்னே நிற்கும், பின்னே நிற்கும், நிச்சயம் சொல்ல முடியாது. கை நிறுத்தினால் சரியான இடத்தில் நிறுத்தலாம். இன்ஜின் பக்கவாட்டில் இருக்கிற லிவரைத் தட்டினால் போதும், அவளுக்கு என்ன தெரியப்போகிறது என்று நினைத்தான். டேங்க் நிறைய டீசல் ஊற்றினான். ஜானகிராமன் போட்டைத் தள்ளினான், அவளும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தோள் கொடுத்தாள். ஜானகிராமன் கரையிலேயே நின்றுகொண்டான்.

அலை தாண்டியதும் அவள் அவனுக்கு எதிரே, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். கடலைப் பார்க்கவில்லை. இன்ஜின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தாள். லைட்ஹவுஸ் நகர்ந்து நகர்ந்து கோயிலின் தலைக்கு வந்தது. தெற்கே உருண்டைகள் ஒட்டின.

"இங்கதானா?"

"இங்கதான்."

போட்டைத் திருப்புகிற கைப்பிடியை ஒரு கையில் பிடித்தபடியே ராமதாஸ் மற்றக் கையை மெல்லப் பின்னால் கொண்டுபோனான். விரல் லிவரைத் தொட்டது.

வேண்டா அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கைய எடுயா," என்றாள். குரலில் கோபம் இல்லை, கெஞ்சல் இருந்தது. "நீ நிறுத்தாத. அவ நிறுத்தட்டும்."

அவன் கையை எடுத்தான். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. இளைப்பு இல்லை, இருமல் இல்லை, புத்தம் புதிதாக ஓடியது. உருண்டைகள் பிரிய ஆரம்பித்தன. அவன் போட்டைத் திருப்பி அதே இடத்தைச் சுற்றி வந்தான். இத்தனை காலம் இது நிற்கக் கூடாதென்று கங்கையம்மனிலிருந்து எல்லாச் சாமியையும் வேண்டியவன், இப்போது ஒரு தடவை, ஒரே ஒரு தடவை நின்று தொலையேன் என்று மனசுக்குள் அந்த இரும்பின் காலில் விழுந்தான். அது நின்றபாடில்லை.

வேண்டா முகத்தில் அசைவில்லை. காதை மட்டும் கொஞ்சம் சாய்த்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு சுத்து போயா," என்றாள்.

ராமதாஸ் கைப்பிடியைத் திருப்பினான்.